திருக்கை வாலும் பத்து டிக்கும்

என் இடது கையில், மணிக்கட்டுக்கு நாலு விரல்கடை மேலே ஒரு பல் தடம் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே நீளமாக ஒரு தழும்பு. டெம்போவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இரண்டும் தெரியும். "நாய் கடிச்சிதா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் அரியாங்குப்பத்தில் இறங்க வேண்டியவள் கடலூர் போய்த்தான் இறங்க வேண்டியிருக்கும்.

கடித்தது மூன்றரை வயதுப் பெண் குழந்தை. தழும்பைப் போட்டது அவளுடைய அப்பன். இரண்டுக்கும் காரணம் நான்தான். இதை இருபது வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன் என்பதற்காக யாரும் என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைக்க வேண்டாம். எழுதாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. அவ்வளவுதான்.

அப்போது நான் வைத்திக்குப்பத்தில் அங்கன்வாடி டீச்சர். சுனாமி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மீனவர் குப்பத்துக்குள் தினமும் யாராவது ஒருத்தர் படிவத்தோடு வந்து நிற்பார்கள். வீடு போனதற்கு ஒன்று, படகு போனதற்கு ஒன்று, வலைக்கு ஒன்று, மனசு சரியில்லாமல் போனதற்குக்கூட ஒன்று. கையில் காகிதம் இருந்தவனுக்குக் கிடைத்தது, காகிதத்தைக் கடல் கொண்டுபோனவன் வரிசையிலேயே நின்றான். அதனால் குப்பத்தில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. முத்திரை குத்திய எந்தத் தாள் கைக்கு வந்தாலும் மறுநாளே நேரு வீதிக்குப் போய் லேமினேஷன் போட்டுவிடுவார்கள். ரேஷன் கார்டு, தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூட நோட்டீஸ்வரைக்கும். இன்னொரு தரம் கடல் வந்தாலும் நனையக் கூடாது என்று.

அந்தக் குழந்தை எங்கள் மையத்துக்கு வந்தபோது அவளைச் சமத்து என்றுதான் நினைத்தேன். மற்றதுகள் எல்லாம் என் புடவையைப் பிடித்து இழுத்து, மூக்கு ஒழுகி, ஒன்றையொன்று மணலில் தள்ளிக்கொண்டு கிடக்கும். இவள் மூலையில் உட்கார்ந்து பால் பவுடர் டப்பாவின் மூடியைத் தரையில் சுழற்றிவிடுவாள். மூடி சுற்றி நின்றதும் மறுபடி சுழற்றுவாள். காலையில் ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம்வரைக்கும் அதேதான். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பேச்சே கிடையாது. நாற்பத்திரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாரடிக்கிற எனக்கு, தொந்தரவு பண்ணாத ஒன்று கிடைத்தது வரம் மாதிரி இருந்தது. "பொட்டப்புள்ளன்னா இப்படி இருக்கணும்" என்று மற்றவர்களிடம் காட்டிக்கூடப் பேசியிருக்கிறேன். அடச்சீ, என்ன வாய் என் வாய்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி வந்தது. கடற்கரைப் பக்கம், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டிடம் ஒன்றில் உயரமான கூடம். அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து பாடம் எடுத்தார். ஆட்டிசம் என்ற சொல்லை நாங்கள் முதல் தடவையாக அங்கேதான் கேட்டோம். கையேட்டில் அதற்கு ஒரு தமிழ்ப் பெயரும் போட்டிருந்தார்கள், எங்கள் யாருக்கும் மனசில் நிற்கவில்லை. இது வியாதி இல்லை, வளர்ச்சியில் வருகிற வேறுபாடு. சீக்கிரம் கண்டுபிடித்துப் பயிற்சி கொடுத்தால் குழந்தை நன்றாக முன்னுக்கு வரும். எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு கஷ்டம் என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். கண்டுபிடிக்க வேண்டியவர்கள் நாங்கள்தானாம். ஏனென்றால் டாக்டரைப் பார்க்கிறதற்கு முன்னால் குழந்தை எங்களைத்தான் பார்க்கிறது.

அதற்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். பத்துக் கேள்வி. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா? வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா? நாம் சுட்டிக் காட்டுகிற இடத்தைப் பார்க்கிறதா? இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறதா? இப்படிப் பத்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம்: ஆம், இல்லை. "அம்மாகிட்ட கேட்டு எழுதாதீங்க. உங்க மனசுல தோணினதையும் எழுதாதீங்க. அந்தக் குழந்தையோட தரையில உக்காந்து கால் மணி நேரம் பாத்துட்டு எழுதுங்க" என்றார் டாக்டரம்மா.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன். செய்தது. டாக்டர் வந்தார், கையேடு வந்தது, படிவம் வந்தது, டீயும் சமோசாவும்கூட வந்தன. எல்லாம் என் கைவரைக்கும் ஒழுங்காக வந்துதான் செத்தது. மூன்றாம் நாள் மத்தியானம், குழந்தைகளை வைத்துச் செய்துகாட்டுகிற வகுப்பு. நான் தலைவலி என்று சொல்லிவிட்டு டெம்போ ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து சூப்பர்வைசர் மேடம் மையத்துக்கு வந்தார். படிவம் எல்லாம் எங்கே என்றார். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றேன். "நாளைக்கு டைரக்டர் ஆபீஸ்ல மீட்டிங். சாயங்காலத்துக்குள்ள வேணும். உன்னால நான் திட்டு வாங்கணுமா?" என்று கத்தினார். நாற்பத்திரண்டு பிள்ளைக்குக் கால் மணி நேரம் என்றால் எங்கே போவது? சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேரைப் பார்த்து எழுதுவது, பத்து டிக் போடுவது. எல்லாம் ஆம். நாற்பத்திரண்டு தாள், நானூற்று இருபது டிக். ஒரே நீல மை பேனா. சுனாமிப் படிவங்கள் எழுதி எழுதிக் கை அதற்குப் பழகியிருந்தது. மேடம் ஒன்றையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். பெற்றோருக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. அதையும் ஒழுங்காகக் கொடுத்தேன். பொய்யை மட்டும் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தேன்.

அதற்கு இரண்டு, இரண்டரை மாதம் கழித்து என்று நினைக்கிறேன். அந்தக் குழந்தை காலையில் வந்ததிலிருந்து ஒரு மாதிரியாக இருந்தாள். மூடியைச் சுழற்றவில்லை. சுவரில் சாயாமல் நடுக்கூடத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுக்கு நேரம் ஆகிவிட்டது, கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை. பின்னால் போய் முதுகோடு சேர்த்து அணைத்துத் தூக்கினேன். அவ்வளவுதான், என் கையைப் பிடித்துக் கடித்தாள். விளையாட்டுக் கடி இல்லை. பல் உள்ளே இறங்கியது. உதறினேன், விடவில்லை. ரத்தம் அவள் தாடையில் வழிந்தது. நான் மற்ற கையால் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். ஒன்றில்லை, மூன்று. மூன்றாவதில்தான் விட்டாள். அழவில்லை. எல்லாப் பிள்ளைகளும் சாப்பாட்டுத் தட்டோடு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. "பேய் மாதிரி கடிக்குது பாரு சனியன்" என்று கத்தினேன். அறைந்ததற்காக எனக்கு அப்போது ஒரு துளி வருத்தமும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் எடை போடும் நாள். மேலே கொக்கியில் தராசு தொங்கும், துணித் தொட்டில் மாதிரி ஒன்றில் குழந்தையை உட்கார வைத்து மாட்டுவோம். சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும். அவளுடைய கவுனைக் கழற்றினேன். முதுகு முழுக்கக் கோடு கோடாகத் தடித்திருந்தது. சில கோடுகளில் தோல் கிழிந்து நீர் கோத்திருந்தது. கவுன் அதில் ஒட்டிக்கொண்டு பிய்த்துக்கொண்டு வந்தது. நான் முந்தின நாள் அணைத்துத் தூக்கியது இந்த முதுகைத்தான். ஏன் கடித்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவளுடைய அம்மா வாசலில்தான் இருந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதுப் பெண். காலையில் மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வந்திருந்தாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

"ஏய், என்னடி இது? மாட்டக்கூட இப்படி அடிக்க மாட்டாங்க. யாரு அடிச்சது?"

"அவரு."

"எதால?"

"திருக்க வாலால."

திருக்கை மீனின் வாலை வெட்டிக் காயவைத்தால் சாட்டை மாதிரி ஆகிவிடும். மேலெல்லாம் சொரசொரவென்று முள்ளாக இருக்கும். குப்பத்தில் சில வீடுகளில் கூரையில் செருகி வைத்திருப்பார்கள், பயம் காட்டுவதற்கு. மூன்றரை வயதுக் குழந்தைமேல் அதை இறக்குவான் ஒருத்தன் என்று நான் நினைத்ததில்லை.

"எதுக்கு அடிச்சான்?"

அவள் என்னையே பார்த்தாள். அவள் கழுத்திலும் ஒரு கோடு தெரிந்தது.

"நீங்கதான எழுதிக் குடுத்தீங்க, எல்லாம் வருதுன்னு? பேர் சொன்னா திரும்பும், பேசும், கைய காட்டிக் கேக்கும்னு? நான் ஒரு வருசமா சொல்லிக்கினுதான் இருந்தேன், இதுக்கு என்னமோ இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்னு. அவரும் சரி பாக்கலாம்னு பாதி மனசா வந்துட்டாரு. அப்பதான் உங்க பேப்பர் வந்திச்சி. அத லேமினேசன் போட்டு மாட்டி வெச்சிக்கினு சொல்றாரு, கவர்மெண்டே எழுதியிருக்கு, டீச்சர்கிட்ட பேசுதாம், நம்மகிட்டதான் திமிர் பண்ணுதாம். வீம்புக்கு வாய மூடிக்கினு இருக்குதாம். தெனம் வாலை எடுத்து வெச்சிக்கினு, அப்பான்னு சொல்லு, அப்பான்னு சொல்லுன்னு..."

டிக் போட்டது நான் பார்க்காமல் போட்டது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு வேலை போய்விடும் என்ற பயம். குழந்தையின் முதுகுக்கு மஞ்சள் களிம்பு தடவி அனுப்பினேன். களிம்பு தடவிவிட்டால் போதும் என்று நினைத்த கழுதை நான்.

இரண்டு நாள் பொறுத்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அரைகுறையாகச் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று ஒரு எண்ணம். அவள் புருஷன் வாசலில் உட்கார்ந்து பைபர் படகுக்கு வாங்கிய புதுக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். நல்ல உழைப்பாளி, குடிக்கிறவன் இல்லை. இதையும் சொல்ல வேண்டும். குடிகாரன் என்று எழுதினால் எல்லோருக்கும் சுலபமாகப் போய்விடும்.

"அண்ணே, பாப்பாவ ஒரு தடவ பெரியாஸ்பத்திரிக்குக் காட்டுங்களேன். பேச்சு கொஞ்சம் லேட்டா இருக்கற மாதிரி..." என்று இழுத்தேன்.

எழுந்து உள்ளே போனவன் அந்தத் தாளைக் கொண்டுவந்தான். வெயிலில் பிளாஸ்டிக் பளபளத்தது.

"இது உங்க கையெழுத்துதான டீச்சர்?"

"ஆமாண்ணே."

"பத்தும் ஆமான்னு போட்டிருக்குது. சீல் இருக்குது. இப்ப வந்து லேட்டுன்றீங்க. இவ உங்ககிட்ட வந்து அழுதாளா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேனா ஆமாம் என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது. திரும்பி நடந்துவிட்டேன். நான் அந்தச் சந்து முனையைத் தாண்டுவதற்குள் உள்ளே அடி விழுகிற சத்தம் கேட்டது. அவளுக்கு, அந்த அம்மாக்காரிக்கு, என்னிடம் வந்து அழுததற்காக. காதைப் பொத்திக்கொண்டு ஓடினேன்.

அடுத்த வாரம் அவள் புருஷன் கடலுக்குப் போன நேரம் பார்த்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மையத்துக்கு வந்தாள். இடது கண் வீங்கியிருந்தது. "ஆஸ்பத்திரிக்கு வாங்க. தனியா போனா என்ன கேப்பாங்கன்னு தெரியல" என்றாள். பிள்ளைகளைச் சமையல் ஆயாம்மாவிடம் விட்டுவிட்டு நானும் கிளம்பினேன். பெரியாஸ்பத்திரியில் வியாழக்கிழமை மட்டும் ஒரு தனி அறை திறந்திருந்தார்கள், இந்த மாதிரிக் குழந்தைகளுக்கென்று. உள்ளே இருந்தது எங்களுக்குப் பாடம் எடுத்த அதே டாக்டரம்மா.

அவர் குழந்தையோடு தரையில் உட்கார்ந்தார். நான் மையத்தில் ஒரு நாளும் அப்படி உட்கார்ந்ததில்லை. அரை மணி நேரம் பார்த்தார். பிறகு எழுந்து கேஸ் நோட்டைத் திறந்தார். அதற்குள் அந்தப் பெண் முந்தானையிலிருந்து லேமினேஷன் தாளை எடுத்து நீட்டினாள். எந்த ஆபீசுக்குப் போனாலும் அதை நீட்டுவது அவர்கள் பழக்கம்.

டாக்டரம்மா படித்தார். முகம் மாறியது.

"மூணு மாசம் முன்னாடி இவ பேசிக்கிட்டிருந்தாளா? கூப்பிட்டா திரும்பினாளா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

"நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. பேச்சு வரவே இல்லைன்னா ஒண்ணு. வந்து, மூணு மாசத்துல எல்லாம் போச்சின்னா அது வேற. மூளையில ஏதாவது இருக்கான்னு தேடணும். தலைக்கு ஸ்கேன், இன்னும் சில டெஸ்ட். மயக்க மருந்து குடுத்துத்தான் எடுக்க முடியும். இன்னைக்கே அட்மிஷன் போடணும்."

அவர் பேனாவை எடுத்துச் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். குழந்தை தரையில் கிடந்த ஒரு மருந்துப் புட்டி மூடியைக் கண்டுபிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தாள். என் பொய்க்காக அப்பன் அவளை அடித்தது போதாது, ஆஸ்பத்திரிக்காரர்களும் ஊசி குத்தப்போகிறார்கள்.

"மேடம், எழுதாதீங்க" என்றேன். "அது பொய்யி. நான் பாக்கல. ஒரு புள்ளையையும் பாக்கல. பேர பாத்து டிக் போட்டேன்."

அந்தப் பெண்ணுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் காலுக்குக் கீழே குனிந்து தடவினாள். செருப்பைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. செருப்பை அறைக்கு வெளியே விட்டுவிட்டு வந்திருந்தோம். அது கிடைக்காத ஆத்திரத்தில் என் கொண்டையைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினாள். முகத்தில், மார்பில், எங்கே கிடைத்ததோ அங்கே. "பாக்காமயா? பாக்காமயா எழுதன? எம் பொண்ணு முதுக பாருடி. பாரு. இப்பவாவது பாரு!" நான் கையை உயர்த்தவில்லை. நர்ஸ் ஓடிவந்து பிரித்தபோது என் தலைமுடி அவள் விரல்களில் சுற்றிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. எழுதிக்கொண்டிருந்த சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டார். இது ஆட்டிசமாகத்தான் தெரிகிறது, காதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும், வாரா வாரம் வந்தால் பயிற்சி கொடுக்க இங்கே ஆள் இருக்கிறார்கள் என்று அந்தப் பெண்ணுக்குப் பொறுமையாகச் சொன்னார். குழந்தையின் முதுகைப் பார்த்து, வீட்டில் நடந்ததை எல்லாம் அவளிடம் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அடி நிக்காம நான் இங்க என்ன சொல்லிக் குடுத்தாலும் அவளுக்கு ஏறாது. இதுக்குமேல அடிச்சா கேசு குடுத்துடுவேன். ஆனா கேசு குடுத்தா அவரு நம்பிடுவாரா? அவரு நம்பிக்கிட்டு இருக்கறது உங்க பேப்பர."

"என்கிட்ட சொல்லி என்ன?" என்றாள் அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, மூச்சிரைக்க. "அவருகிட்ட வந்து சொல்லு."

நேராகக் கடற்கரைக்குப் போனோம். உச்சி வெயில். படகுகள் கரையேறி, ஏலம் முடிந்து, நாலைந்து ஆண்கள் ஒரு படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். அவனும் இருந்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெண்டாட்டி வருவதைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான். நான் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, நான் எழுதிக் குடுத்தது பொய்யி. பாப்பாவ நான் பாக்கவே இல்ல. அவளுக்குப் பேச வராது. திமிர் இல்ல. டாக்டர் சொல்லிட்டாங்க."

அவன் சிரித்தான். "எவ்ளோ அழுதா இவ உங்ககிட்ட? என்ன சொல்லிக் குடுத்தா?"

நம்பவில்லை. சத்தியம் பண்ணினேன், நம்பவில்லை. முத்திரை குத்திய தாள் ஒரு பக்கம், தலைமுடி கலைந்து முகம் வீங்கின நான் ஒரு பக்கம். எதை நம்புவான்? அப்போது வலை பின்னிக்கொண்டிருந்த இன்னொருவனைப் பார்த்தேன். அவனுக்கும் என் மையத்தில் ஒரு பிள்ளை, சத்து மாவு வாங்குவதற்காகப் பதிவேட்டில் பேர் ஏறிய கைக்குழந்தை.

"உன் புள்ளைக்கு எத்தினி மாசம்?"

"ஏழு மாசம். ஏன்?"

"உன் வீட்டுலயும் பேப்பர் இருக்கும். எடுத்தா."

அவன் போய் எடுத்துவந்தான். அதுவும் லேமினேஷன். ஒன்றரை வயதுக்கு மேலே உள்ளவர்களுக்கு மட்டும் எழுத வேண்டியதை நான் பதிவேட்டில் இருந்த எல்லாருக்கும் எழுதியிருந்தேன். அவனே எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தான். "கூப்பிட்டால் ஓடி வருகிறதா? ஆம். இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறதா? ஆம்." ஒருவன் வெடித்துச் சிரித்தான். "டேய், உம் புள்ள பொறந்ததுமே பேசிட்டானாடா?" மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

குழந்தையின் அப்பன், பெண்டாட்டி முந்தானையிலிருந்து எடுத்து நீட்டிய தாளையும் வாங்கி, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். அதே நீல மை, அதே பத்து டிக், அதே கையெழுத்து. வீட்டுக்கு நடந்தான். பத்தடிதான் வீடு. திரும்பி வரும்போது கையில் திருக்கை வால் இருந்தது.

முதலில் தாளைக் கிழிக்கப் பார்த்தான். கிழியவில்லை. முறுக்கினான், நிமிர்ந்துகொண்டது. பல்லால் கடித்து இழுத்தான், உதடு கிழிந்ததே தவிர பிளாஸ்டிக் கிழியவில்லை. அதைத் தூக்கி மணலில் அறைந்துவிட்டு என் பக்கம் வாலை ஓங்கினான். இடது கையை உயர்த்தித் தடுத்தேன். பல் தடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தது. தீயை வைத்து இழுத்தது போல ஒரு எரிச்சல். இரண்டாவது தோளில். ரவிக்கையோடு சதையும் கிழிந்தது. இந்த இரண்டு அடிக்கே எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் எத்தனை வாங்கியிருப்பாள்?

"அடிடா!" என்று நானும் கத்தினேன். எனக்கும் வெறி வந்துவிட்டது. "என்னைய அடி, நான் தப்பு பண்ணவ. அவ என்னா பண்ணா பாவி? வராத பேச்ச வா வான்னு அடிச்சியே!"

மூன்றாவது ஓங்கினவனை மற்றவர்கள் பிடித்துவிட்டார்கள். நாலு பேர் பிடித்தும் திமிறினான். பிறகு திடீரென்று உடம்பு தொளதொளத்துப் போயிற்று.

"அப்ப வேணும்னு பண்ணலயா டீச்சர் அது?"

"இல்லண்ணே."

"நான் அடிக்கறப்ப எதுக்கு அடிக்கறேன்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

அவன் அந்த நாலு பேரையும் உதறிவிட்டுப் போய்ப் படகின் விளிம்பில் தன் நெற்றியை மோதிக்கொண்டான். திரும்பத் திரும்ப. படகு டொம் டொம் என்று அதிர்ந்தது. அவன் பெண்டாட்டி தடுக்கப் போகவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

பார்க்காமல் டிக் போட்டதை மேடத்திடம் நானே எழுதிக் கொடுத்தேன். "நீ போட்ட டிக்குக்கு எங் கழுத்துல ஏண்டி கத்தி வெக்கற?" என்று தாளை என் முகத்தில் எறிந்தார். மெமோ வந்தது, விசாரணை வந்தது. வேலை எப்படியோ தப்பியது. அடுத்த பயிற்சிக்கு முதல் ஆளாகப் போய் மூன்று நாளும் முன்வரிசையில் உட்கார்ந்தேன். எல்லாப் படிவத்தையும் புதிதாக எழுதினேன், ஒவ்வொரு பிள்ளையோடும் தரையில் உட்கார்ந்து. அவளைப் போலவே இன்னொரு பையனும் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அவன் வீட்டுச் சுவரிலும் என் பத்து டிக் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் முதலில் எழுதியது அவளுக்குத்தான், கடற்கரையில் அடிவாங்கிய மறுநாள் காலையில், அவர்கள் வீட்டு வாசல் மணலில். என் கையில் கட்டு. அவன் நெற்றியில் கட்டு. அம்மாக்காரி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை மணலில் மூடியைச் சுழற்ற முயன்றுகொண்டிருந்தாள், மணலில் அது சுற்றவில்லை.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளாகச் சுட்டிக் காட்டிக் கேட்கிறாளா என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. இல்லை. அடுத்தது, நாம் சுட்டிக் காட்டுகிற இடத்தைப் பார்க்கிறதா? கரையில் நின்ற நீலப் படகைக் காட்டலாம் என்று, "பாப்பா, அங்க பாரு போட்டு" என்று சொல்லிக் கையை உயர்த்தினேன்.

அவள் அப்படியே சுருண்டுவிட்டாள். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, நெற்றியை மணலில் அழுத்தி, முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு. சத்தமே இல்லை. அடி விழுவதற்காகக் காத்திருந்தாள். நான் கையைக் கீழே இறக்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை.

அவன் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ நாள் அவளை அடித்திருக்கிறான், ஆனால் வேறொருவர் கை உயர்ந்து அவள் குனிவதை அன்றைக்குத்தான் பார்க்கிறான்.

படிவத்தைப் பார்த்தேன். ஆம், இல்லை. இரண்டே கட்டம்.

"இதுக்கு என்னான்னு எழுதறது?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"நான் அடிச்சேன்னு எழுது" என்றான் அவன்.

எழுதினேன், ஓரத்தில் இருந்த காலி இடத்தில், அவன் சொன்னபடியே. அதற்குக் கீழே, நானும் அடித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.